இரண்டு தட்டு, ஒரு மிதி

ஜூன் 3, செவ்வாய்

காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை. குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவு நான் இல்லாமலும் ஓடும். தண்ணீர் வராத வீட்டுக்காரர்களிடம் "பதிவு பண்ணிட்டோம், கொஞ்சம் காத்திருங்க" என்று சொல்ல அங்கே இன்னும் நிறைய வாய்கள் உண்டு.

போர்வைக்குள் சுருண்டு கிடந்தபோது அப்பாவின் அறையிலிருந்து ஒரு சத்தம். டிக். டிக். டிக். பிறகு ஒரு சின்ன இழுப்பு. மறுபடி டிக். கடிகாரம் என்று நினைத்தேன். அந்த அறையில் கடிகாரமே கிடையாது. எழுந்து போய்ப் பார்த்தால், அப்பா லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். திரையில் அம்மா, ஒரு கையைப் பாதி தூக்கியபடி, அசையாமல். பக்கத்தில் அம்மாவின் வீடியோக்கள் இருக்கிற கறுப்பு ஹார்ட் டிஸ்க். அதுதான் கத்திக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் அவசரமாகத் திரையை மூடப் போனார். "எத்தனை நாளா இந்தச் சத்தம் வருது?" என்று கையால் கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் என் கேள்வியின் லட்சணம் எனக்கே உறைத்தது. அப்பாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அம்மாவுக்கும் அப்படித்தான்.

கேபிளைப் பிடுங்கி வைத்தேன். மறுபடி செருகினால் அம்மா வரவில்லை. டிக் டிக் மட்டும் வந்தது.

ஜூன் 4, புதன்

அம்மா போய் ஆறு மாதம் ஆகப்போகிறது. உடம்பு முடியாமல் இருந்த அந்தக் கடைசிக் காலத்தில் தம்பி விடுப்பு எடுத்து வந்து, சமையலறையில் கேமராவை நிறுத்தி வைத்து, அம்மாவைப் பேசவிட்டுப் படம் பிடித்தான். பேச்சு என்றால் கைப்பேச்சு. அது எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லிக்கொடுக்காதது. அம்மாவும் அப்பாவும் கல்யாணமான புதிதில் தாங்களாகவே கட்டிக்கொண்டது. எனக்கும் தம்பிக்கும் காது கேட்கும் என்றாலும் நாங்கள் முதலில் கற்றுக்கொண்டது அதைத்தான். இந்த நோட்டில் அப்பா கையால் சொன்னதை வாயால் சொன்னது போலவே எழுதிவருகிறேன்.

அந்தப் பேச்சில் எல்லோருக்கும் ஒரு பெயர் உண்டு. எனக்கு மூக்கைக் கிள்ளுவது, சின்ன வயதில் ஓயாத சளி. தம்பிக்கு முன்பல்லில் விரல். அப்பாவுக்கு மேலுதட்டின் மேல் ஒரு விரலை இழுப்பது. அதாவது மீசை. மீசையை எடுத்து எத்தனையோ வருடமாகிவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நாங்கள் அவரை 'அப்பா' என்றுதான் கூப்பிடுவோம், அதற்கு வேறு சைகை. 'மீசை' என்று கூப்பிட்டவள் உலகத்திலேயே ஒருத்திதான்.

இன்று அப்பா மெல்ல மெல்லச் சொன்னார். நான் வேலைக்குக் கிளம்பியதும் தினமும் அந்த வீடியோக்களைப் போடுவாராம். முழுவதும் பார்க்கக்கூட மாட்டாராம்.

"அவ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுற இடம் மட்டும் பாப்பேன்."

டிஸ்க்கின் மேல் கையை வைத்துப் பார்ப்பீர்களா என்று கேட்டேன். பார்த்தாராம். உள்ளே ஏதோ துடிப்பது உள்ளங்கையில் தெரிந்ததாம்.

"உயிரோட இருக்கு, நல்லா வேலை செய்யுதுன்னு நினைச்சேன்."



ஜூன் 5, வியாழன்

தம்பிக்கு போன் செய்தேன். வேறு ஊரில் வேலை, வருடத்துக்கு ஒரு தடவை முகம் காட்டுவான்.

"அம்மா வீடியோ உன்கிட்ட இன்னொரு காப்பி இருக்குல்ல?"

"என்கிட்டயா? அக்கா, நீ எடுத்து வச்சிருப்பன்னு நான் நினைச்சேன்."

கேமரா அவனுடைய நண்பனுடையது. மெமரி கார்டில் இருந்ததை அழித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்திருக்கிறான். அவன் வைத்திருப்பான் என்று நான், நான் வைத்திருப்பேன் என்று அவன். கொஞ்ச நேரம் இருவரும் மாறி மாறித் திட்டிக்கொண்டோம். திட்டத் தெம்பு தீர்ந்ததும் போனை வைத்தோம்.

ஜூன் 6, வெள்ளி

கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து ஃபைல்களை மீட்டுத் தருகிறவர் ஒருவரை அலுவலகத்துத் தோழி சொன்னாள். பழைய வணிகக் கட்டடம், படிக்கட்டில் விளக்கில்லை. அப்பாவும் வருவேன் என்று அடம்பிடித்து வந்தார். உள்ளே ஓர் ஆள், கையுறை, முகமூடி, தலைக்கு ஓர் உறை. டிஸ்க்கைக் காதோடு வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்தத் தோரணையைப் பார்த்ததும் 'டாக்டர்' என்று மனதுக்குள் பெயர் வைத்துவிட்டேன். எங்கள் வீட்டு வழக்கம் அப்படி, யாரையும் பெயர் வைக்காமல் விடமாட்டோம்.

"உள்ள தட்டு மாதிரி ஒண்ணு சுத்தும்மா. அதைத் தொடாம, மேல மிதந்துகிட்டே ஒரு முனை படிக்கும். அந்த முனை போயிருச்சு. தேடிப் பாக்குது, கிடைக்கல, திரும்பி வந்து இடிக்குது. அதான் டிக் டிக்."

"சரி பண்ண முடியுமா?"

"வேற முனை மாட்டிப் பாக்கலாம். ஆனா இடிச்சு இடிச்சு தட்டுலயும் கீறல் விழுந்திருக்கும்." அப்புறம் சாதாரணமாகக் கேட்டார். "சத்தம் வந்த அன்னிக்கே நிறுத்தியிருந்தா சுலபமா எடுத்திருக்கலாமே. இது ரொம்ப நாளா கத்தியிருக்கு. வீட்ல யாருக்குமே கேக்கலையா?"

அப்பா என் தோளைத் தட்டினார். என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

"டிஸ்க்கு ரொம்பப் பழசாம், அதான் போயிருச்சாம்," என்றேன் கையால்.

அப்பா டாக்டரின் முகத்தைப் பார்த்தார். முகமூடி போட்ட உதட்டைப் படிக்க முடியாது. இன்று அந்த முகமூடிக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

ஜூன் 9, திங்கள்

வேலைக்குத் திரும்பினேன். ஒரு பெரியவர், மூன்றாவது முறையாகக் கூப்பிடுகிறாராம். "காத்திருங்க காத்திருங்கன்னா எதுவரைக்கும்மா?" பதிவு பண்ணிட்டோம் ஐயா என்றேன். மதிய இடைவேளையில் டாக்டருக்கு போன் செய்தேன். "கொஞ்சம் காத்திருங்கம்மா," என்றார்.

எனக்கு இது வேண்டும்தான்.

ஜூன் 10, செவ்வாய்

டாக்டர் போனை எடுக்கவில்லை.

ஜூன் 14, சனி

வீடு அநியாயத்துக்கு அமைதியாக இருக்கிறது. காது கேட்காதவர்கள் வீடு என்றால் நிசப்தமாக இருக்கும் என்று வெளியே நினைக்கிறார்கள். எங்கள் வீட்டைப் போலச் சத்தமான வீடு இந்தக் கட்டடத்திலேயே கிடையாது. பாத்திரத்தைப் போட்டால் போட்டதுதான், கதவைச் சாத்தினால் சுவர் அதிரும். தம்பி பள்ளிக்கூட நாட்களில் ஒரு பெரிய பெட்டி ஸ்பீக்கர் வாங்கி வந்து இஷ்டத்துக்கு அலறவிடுவான், அதட்ட ஆளில்லை. அப்பா வேறு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார், தரை நடுங்குவது பிடிக்கும் என்று.

எல்லாவற்றுக்கும் மேல் அம்மாவின் கால். பழைய கட்டடம், மரத்தளம். ஒரு மூலையில் மிதித்தால் மறு மூலைவரை ஓடும். அம்மா அடுப்படியில் நின்றபடியே காலால் கூப்பிடுவாள். எனக்கு ஒரே ஒரு மிதி. தம்பிக்குத் தடதடவென்று விடாமல், அவன் ஒரு தடவையில் வருகிற ஆளில்லை. அப்பாவுக்கு இரண்டு தட்டு, ஒரு மிதி. அப்பா திரும்பக்கூட மாட்டார். கையை மட்டும் தூக்குவார்: வர்றேன், இரு. படித்துக்கொண்டிருக்கிற வரியை முடித்துவிட்டுத்தான் எழுந்து திரும்புவார். திரும்பிய பிறகுதான் அம்மாவின் விரல் உதட்டின் மேல் போகும். மீசை, இங்க வா.

கீழ்வீட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையை இடிப்பார். அதை அப்பா உள்ளங்காலில் வாங்கி, அவர் ஏதோ விசாரிக்கிறார் என்று பல வருடம் நம்பி, பதிலுக்கு ஒரு மிதி வைப்பார். அது புகார் என்று நான் பிற்பாடு விளக்கினேன். "இருக்கட்டும், கூப்பிட்டா பதில் சொல்லணும்ல," என்றுவிட்டார்.

இப்போது கீழ்வீட்டுக்காரர் இடிப்பதில்லை. படியில் பார்த்தால் தலை குனிந்துகொள்கிறார்.

சாப்பிடும்போது அப்பா தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார், "அன்னிக்கு அந்த ஆள் என்ன கேட்டாருன்னு எனக்குத் தெரியும். நீ பொய் சொன்னா உன் கை சின்னதாயிரும்."

"என்ன கேட்டாராம்?"

"வீட்ல யாருக்கும் கேக்கலையான்னு."

நான் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தேன். எச்சில் கையால் எப்படிப் பேசுவது என்று ஒரு சாக்கு.

ஜூன் 19, வியாழன்

டாக்டரே கூப்பிட்டார். அதே வகை டிஸ்க் ஒன்றைத் தேடிப் பிடித்து அதன் முனையைக் கழற்றி இதில் மாட்டியிருக்கிறாராம். படிக்கிறதாம். ஆனால் திட்டுத் திட்டாக. "நல்ல இடத்தை எல்லாம் முதல்ல இழுத்துக்கிறேன். கீறல் இருக்கிற இடத்துக்குப் போனா இந்த முனையும் போயிரும். எவ்வளவு வருதோ அவ்வளவுதாம்மா." அடுத்த வாரம் வரச் சொன்னார்.

அப்பாவிடம் 'படிக்குதாம்' என்பதை மட்டும் சொன்னேன்.

ஜூன் 25, புதன்

அப்பா நல்ல சட்டையை எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்கே போக என்று கேட்டேன். "நாளைக்கு அவளைப் பாக்கப் போறோம்ல."

ஜூன் 26, வியாழன்

டாக்டரின் முகத்தில் இன்று முகமூடி இல்லை. நல்ல பெரிய சிரிப்பு. அதைப் பார்த்து அப்பாவும் சிரித்தார். ஐயோ, அந்தச் சிரிப்பு.

திரையில் போட்டுக் காட்டினார். சாம்பல் கட்டம், பச்சைக் கட்டம். கட்டங்களுக்குள் எங்கோ ஒரு முழங்கை. அடுப்பின் ஒரு மூலை. மறுபடி பச்சை. அடுத்த ஃபைல், அதுவும் அப்படியே.

"படத்துல ஒரு இடம் போச்சுன்னா, அதுக்குப் பின்னாடி வர்ற படமெல்லாம் அதை நம்பித்தான் நிக்குது, எல்லாம் சரிஞ்சிரும். சத்தம் அப்படியில்ல. சின்னச் சின்னப் பொட்டலம். ஒண்ணு போனாலும் மத்தது நிக்கும். கவலைப்படாதீங்கம்மா. இங்க வர்றவங்க முக்கால்வாசிப் பேர் குரல் கிடைச்சா போதும்னுதான் கேப்பாங்க. முகம் போட்டோல இருக்கும், குரல் வேற எங்க இருக்கும்? உங்க அம்மா குரல் ஏறக்குறைய முழுசா வந்திருச்சு."

"எங்க அம்மா பேசமாட்டாங்க," என்றேன்.

"ஆமா, இப்ப..."

"எப்பவுமே. அவங்களுக்கும் கேக்காது. கையாலதான் பேசுவாங்க."

அவர் அப்பாவைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். "அங்கங்க வார்த்தை பிடிபடல. மைக் தூரமா இருந்திருக்கும்னு நினைச்சேன்," என்றார். பாவம், சிரிப்பை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

முழுதாகத் தெளிந்த படம் ஒன்றே ஒன்று. ஓடாது, நின்ற படம். அம்மாவின் விரல் உதட்டின் மேல். அப்பா பாய்ந்து அதைக் காட்டினார். ஆனால் விரல் நின்றால் அது ஏதோ யோசிக்கிற பெண்பிள்ளை. இழுத்தால்தான் அப்பாவின் பெயர். அவர் தன் விரலைத் திரையில் அம்மாவின் விரல் மேல் வைத்து, தானே ஓரமாக இழுத்துப் பார்த்தார். திரைக் கண்ணாடியில் விரல் தடம் ஒரு கோடாக விழுந்தது.

அப்புறம் என்னிடம் கேட்டார். "மத்தது?"

மத்தது சத்தமாக இருக்கிறது என்று சொன்னேன்.

ஜூன் 27, வெள்ளி

என்ன கொடுமை இது. கேக்காத மனுஷியோட சத்தம். கேக்காத மனுஷனுக்கு. யாரு கேட்டா சத்தத்தை? கையைக் குடு, ரெண்டு கையை மட்டும் குடுன்னுதானே கேட்டோம். வேற எந்த வீட்டுக்காவது இப்படிக் கிடைச்சிருந்தா இந்நேரம் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பாங்க. எங்களுக்கு மட்டும் ஏன் மாத்தி வருது?

இன்று போனில் ஒருவரிடம் எரிந்து விழுந்தேன். மேலாளர் கூப்பிட்டுப் பேசினார். என்ன சொன்னார் என்று நினைவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

சத்த ஃபைல்களைத் தம்பிக்கு அனுப்பினேன். என்னிடமும் இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன், இப்போது புத்தி வந்து என்ன பயன்? அவன் ஒன்றைத் திறந்து உடனே மூடிவிட்டானாம். "முடியல அக்கா. பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேக்குது. அவ்வளவுதான். முடியல."

செத்துப்போன டிஸ்க்கை அப்பா தன் அறையிலேயே வைத்திருக்கிறார். அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கடந்து போனபோது, "துடிப்பு இல்ல," என்றார்.

ஜூலை 2, புதன்

மதிய இடைவேளையில் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, அலுவலக ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒரு ஃபைலைப் போட்டேன்.

அம்மாவிடம் இவ்வளவு சத்தமா! பேசுகிறபோதெல்லாம் மூச்சு வாங்குகிறாள். ஏதாவது முக்கியமாகச் சொல்லும்போது தொண்டையிலிருந்து 'ம்ஹா' என்று ஒன்று வருகிறது. 'முடிஞ்சது' என்பதற்குக் கையில் கையை அறைகிறாள், பட்டென்று கேட்கிறது. சிரிக்கும்போது மூக்கால் ஒரு சீறல். நான் அவளுடன் வாழ்நாள் முழுவதும் இருந்திருக்கிறேன். கண் எப்போதும் அவள் கையில் இருந்ததால் காது சும்மா கிடந்திருக்கிறது போல.

தோழி சாப்பிட்டுவிட்டு வந்து, "யாருகிட்ட அழுறே, லைன்ல யாரு?" என்றாள்.

ஜூலை 3, வியாழன்

அப்பா கேட்டார், "அவ சத்தம் எப்படி இருக்கு?"

சொல்லத் தெரியவில்லை. கடைசியில் குளியலறையிலிருந்து பழைய துண்டை எடுத்து வந்து, அதன் சொரசொரப்பான பக்கத்தை அவர் கையில் தேய்த்தேன். இப்படி இருக்கும். தடவித் தடவிப் பார்த்தார்.

"எப்பவும் சத்தம் போட்டுக்கிட்டேயா இருந்தா? நான் அவளை அமைதியானவள்னு இல்ல நினைச்சேன்."

"கீழ்வீட்டுக்காரரைக் கேளுங்க," என்றேன். சிரித்தார். பிறகு, "அதுல என்னைக் கூப்பிட்டாளா?" என்று கேட்டார். அது கையில்தானே அப்பா இருக்கும், சத்தத்தில் எப்படி வரும் என்றேன். தெரியும் என்று தலையாட்டினார். தெரிந்தேதான் கேட்டிருக்கிறார்.

ஜூலை 6, ஞாயிறு

இன்னும் பாதி ஃபைல்கள் கேட்காமலே கிடந்தன. லேப்டாப்பில் அந்த மூச்செல்லாம் காதில் விழவில்லை. பரணில் ஏறித் தம்பியின் பெட்டி ஸ்பீக்கரை இறக்கினேன், தூசி, கனம். மேசையில் இடமில்லை. சமையலறைத் தரையிலேயே வைத்து, ஒயரைச் செருகி, சத்தத்தை முழுவதும் திருகிவிட்டேன். அதட்ட ஆளில்லாத வீடு.

அப்பா கூடத்தில், சமையலறைக்கு முதுகைக் காட்டிச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

குழாய் ஓடுகிறது. ஒரு மூடி விழுந்து உருள்கிறது. 'ம்ஹா.' தம்பி ஏதோ முணுமுணுக்கிறான். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு—

தட் தட். தடால்.

அப்பா கையைத் தூக்கினார்.

செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கை மட்டும் மேலே போயிற்று. வர்றேன், இரு. படித்துக்கொண்டிருந்த வரியை முடித்தார். தாளை மடித்தார். எழுந்து திரும்பினார்.

சமையலறையில் நான்தான் நின்றிருந்தேன்.

என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் பார்த்தார். தரையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். என்ன செய்துவிட்டேன்! அவர் வீட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வந்து பெட்டியின் பக்கத்தில் நின்றார்.

"மறுபடி."

போட்டேன். இரண்டு தட்டு, ஒரு மிதி. மறுபடி. மறுபடி. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் கை தானாகக் கொஞ்சம் உயர்ந்தது. பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து, உள்ளங்கைகளை விரித்துப் பலகையில் வைத்துக்கொண்டு அழுதார். தான் எவ்வளவு சத்தமாக அழுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. என் விரல் என் உதடு வரை போயிற்று. அது நான் கூப்பிடுகிற பெயர் இல்லை. கையை இறக்கிக்கொண்டேன்.

மறுபடி போட்டேன்.

அப்போது கீழேயிருந்து இடி. துடைப்பக் கட்டை. ஒன்று, இரண்டு, மூன்று. நான் பதறி ஸ்பீக்கரைக் குறைக்கப் போனேன். அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார். உள்ளங்கையைத் தரையில் அழுத்திக்கொண்டு, அது நிற்கும்வரை இருந்தார்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் தோளைப் பிடித்து எழுந்து நின்று, பதிலுக்கு ஒரு மிதி மிதித்தார்.